ஆபீஸ் சாட்டில் ‘அனுமதி’ அழுத்தும் முன்... செட்டிநாட்டு ‘பவர்’ பத்திரத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்!

காரைக்குடியை ஒட்டியிருக்கும் அரியக்குடி என்றதும் சங்கீத ரசிகர்களுக்கு ராமானுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். பக்தர்களுக்குத் ‘தென் திருப்பதி’ என்று அழைக்கப்படும் பெருமாள் கோயில். எனக்கு இப்போதெல்லாம் நினைவுக்கு வருவது, அந்த ஊரில் ஒரு பழைய வீட்டின் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கும் என் நண்பர்தான்.

அவருடைய நிறுவனத்தில் மொத்தமே நாற்பது பேர். ஆளுக்கொரு ஊர். எல்லோரையும் சேர்த்து வைத்திருப்பது ஒரே ஒரு சாட் செயலி. லீவு கேட்பது, வாடிக்கையாளர் புகார், பில் தொகை வந்துவிட்ட தகவல், சர்வர் படுத்துவிட்டது என்ற எச்சரிக்கை என எல்லாமே அந்த ஒரு ஜன்னலுக்குள் வந்து விழும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆப் திறக்க வேண்டியதில்லை. வெளியே இருக்கும் செயலிகளை எல்லாம் சாட்டோடு இணைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை, புகார் வரும் சேனலில் ஒரு செய்திகூட வரவில்லை. “கஸ்டமர் எல்லாரும் திருந்திட்டாங்க போல” என்று சிரித்திருக்கிறார்கள். புதன்கிழமை ஒரு வாடிக்கையாளர் போனில் கத்திய பிறகுதான் விஷயம் புரிந்தது. புகார்ப் படிவத்தையும் சாட்டையும் இணைத்து வைத்திருந்த ஊழியர் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேலையை விட்டுப் போயிருந்தார். அவருடைய கணக்கை மூடியதும் அந்த இணைப்பும் அறுந்துவிட்டது. மூன்று நாள் புகார்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன.

அதைச் சரிசெய்யப் போனபோது இன்னொன்று தெரிந்தது. செட்டிங்ஸ் பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வெளிச் செயலிகள் வரிசையாக நின்றன. பாதியை யார் இணைத்தது, எதற்காக இணைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எப்போதோ சோதனைக்காகச் சேர்த்த ஒரு மீட்டிங் குறிப்புச் செயலிக்கு, எல்லாப் பொதுச் சேனல்களையும் படிக்கும் அனுமதி அப்படியே இருந்தது. நண்பர் என்னிடம் கேட்டார்: “வேண்டியது அறுந்துபோச்சு, வேண்டாதது ஒட்டிக்கிட்டே இருக்கு. இத யாருப்பா கணக்கு வச்சிக்கணும்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இணைப்பது என்றால் என்ன?

ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கிளிக் போன்றவை வெறும் அரட்டைப் பெட்டிகள் அல்ல. ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் பேசவும், கோப்புகளைப் பகிரவும், வேலையைப் பிரித்துக்கொள்ளவும் இருக்கும் பொது இடம். அந்த இடத்துக்குள் வெளியிலிருக்கும் செயலிகளைக் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வெப்ஹுக். சாட் தளம் ஒரு ரகசிய முகவரியைக் கொடுக்கும். அந்த முகவரிக்கு எந்தச் செயலி தகவல் அனுப்பினாலும் அது உங்கள் சேனலில் செய்தியாக வந்து விழும். வீட்டு வாசலில் இருக்கும் தபால் பெட்டி மாதிரி. போடத்தான் முடியும், எடுத்துப் படிக்க முடியாது. ஆனால், முகவரி தெரிந்த யாரும் அதில் எதை வேண்டுமானாலும் போட்டுவிடலாம்.

இரண்டாவது, பாட். இதற்குச் சாட்டுக்குள் ஒரு பெயரும் படமும் உண்டு. “இந்த மாசம் எனக்கு எத்தனை லீவு மிச்சம்?” என்று கேட்டால் மனிதவளச் செயலியில் பார்த்துவந்து பதில் சொல்லும். கிளிக்கில் ஸோஹோவின் ‘டெலூஜ்’ என்ற எளிய நிரல்மொழியை வைத்து, பெரிய புரோகிராமராக இல்லாதவர்கூட இப்படி ஒரு பாட்டை எழுதிவிட முடியும்.

மூன்றாவது, முழு அனுமதி பெற்ற செயலி. இதுதான் முக்கியமானது. ஒரு திரை வரும். “இந்தச் செயலி உங்கள் செய்திகளைப் படிக்கும், கோப்புகளைப் பார்க்கும், உங்கள் பெயரில் எழுதும்” என்று ஒரு பட்டியல் இருக்கும். கீழே ‘அனுமதி’ என்ற பட்டன். நம்மில் எத்தனை பேர் அந்தப் பட்டியலைப் படித்திருக்கிறோம்? நேர்மையாகச் சொன்னால், நானும் பலமுறை படிக்காமல்தான் அழுத்தியிருக்கிறேன்.

இணைக்காமல் இருக்க முடியாதா?

முடியாது. இருக்கவும் வேண்டாம் என்பேன். 2013-ல் வந்த ஸ்லாக், 2015 டிசம்பரில் வெளிச் செயலிகளுக்கென்றே தனிப் பட்டியல் ஒன்றைத் திறந்தது. சாட் செயலிகள் பல இருந்தும் ஸ்லாக் பிடித்துப்போனதற்கு இந்த இணைப்புகள் ஒரு முக்கியக் காரணம். 2017-ல் டீம்ஸ் வந்தபோது அதுவும் இதே வழியில்தான் வந்தது. 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் சுமார் 27.7 பில்லியன் டாலருக்கு ஸ்லாக்கை வாங்கியது. வேலைக்கான எல்லாச் செயலிகளும் வந்து சேரும் இடம் என்ற நிலைக்குக் கொடுத்த விலையும் அதில் அடக்கம்.

சின்ன ஊரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். அலுவலகத்தில் இருப்பவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் எட்டிக் கேட்டுவிடுவார். அரியக்குடியில் இருப்பவருக்குப் பக்கத்து நாற்காலியே அந்தச் சேனல்தான். தகவல் தானாக அங்கே வந்து சேர்ந்தால்தான் அவரும் சம அளவில் வேலை பார்க்க முடியும். ஆகவே, “பாதுகாப்புக்காக எல்லா இணைப்பையும் தூக்கிவிடுங்கள்” என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இணைப்பு வேண்டும். ஆனால் அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நாம் அலட்சியமாக இருக்கிறோம்.

அந்த பட்டன் உண்மையில் என்ன செய்கிறது?

நீங்கள் ‘அனுமதி’ அழுத்தும்போது உங்கள் கடவுச்சொல் வெளிச் செயலிக்குப் போவதில்லை. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற ஒரு நீண்ட ரகசியக் குறியீடு போகிறது. ‘ஓ-ஆத் 2.0’ என்ற பெயரில் 2012-ல் வெளியான நெறிமுறைதான் இன்று பெரும்பாலான இடங்களில் இதற்கு அடிப்படை. எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம் என்ற எல்லை அந்த டோக்கனோடு சேர்ந்தே வரும். அதைக் காட்டினால் போதும், உங்கள் சார்பில் கதவு திறக்கும்.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். “பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா வச்சிருக்கேன், ஓடிபி-யும் இருக்கு” என்று நிம்மதியாக இருக்கிறார்கள். டோக்கன் வைத்திருப்பவரிடம் ஓடிபி கேட்பதில்லை. பல சேவைகளில் நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும் டோக்கன் தானாகச் செத்துவிடுவதில்லை. நீங்களே போய் ரத்து செய்தால்தான் உண்டு.

இதைச் சாவி என்று சொல்வதைவிட ‘பவர்’ என்று சொல்வதுதான் பொருத்தம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போமே, அந்தப் பவர்.

பெட்டியடியிலிருந்து ஒரு பாடம்

பவர் கொடுத்துத் தொழில் செய்வதில் செட்டிநாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று நகரத்தார் கடை வைத்த காலத்தில் முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை நடத்துவது ஏஜெண்டு. முதலாளியின் பெயரில் கடன் கொடுக்கவும், வசூலிக்கவும், கையெழுத்துப் போடவும் அவருக்குப் பவர் பத்திரம் இருக்கும். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை.

எங்கோ இருக்கும் ஒருவர் கையில் தன் பணப்பெட்டியை முதலாளி எப்படி ஒப்படைத்தார்? வெறும் நம்பிக்கையில் இல்லை. ஏஜெண்டின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. தவணை முடிந்தால் அடுத்து வருபவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். இடையில் கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். பேரேடும் ஐந்தொகையும் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். இன்னாருக்கு, இன்ன வேலைக்கு, இன்ன காலத்துக்கு என்ற தெளிவு இருந்தது.

அந்த வட்டித் தொழிலைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மா விவசாயிகளின் நிலங்கள் கடனுக்காகக் கைமாறியது தனிக் கதை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: தூரத்தில் இருப்பவருக்கு அதிகாரம் கொடுக்கும்போது எல்லை, காலக்கெடு, கணக்கு, திரும்பப் பெறுதல் என்ற நான்கும் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே நொடியில் கொடுத்துவிடும் நம் ‘அனுமதி’யில் இந்த நான்கில் எத்தனை இருக்கின்றன? எல்லை மட்டும் திரையில் எழுதியிருக்கும். அதையும் நாம் படிப்பதில்லை. மற்ற மூன்றையும் யாரும் கேட்பதே இல்லை.

2025 ஆகஸ்டில் என்ன நடந்தது?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். சேல்ஸ்லாஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் ‘டிரிஃப்ட்’ என்ற சாட் செயலி இருந்தது. நிறுவனங்களின் இணையதளத்துக்கு வருபவர்களோடு பேசி, அந்தத் தகவலைச் சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற தளங்களில் சேர்க்கும். அதற்காகப் பல நிறுவனங்கள் டிரிஃப்டுக்கு ‘அனுமதி’ கொடுத்திருந்தன.

ஹேக்கர்கள் அந்த நிறுவனங்களை நேரடியாகத் தாக்கவில்லை. டிரிஃப்டுக்குள் புகுந்து, அங்கே சேர்ந்து கிடந்த டோக்கன்களை அள்ளினார்கள். ஆகஸ்ட் 8 முதல் 18 வரை அந்த டோக்கன்களைக் காட்டி ஒவ்வொரு நிறுவனத்தின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கிலிருந்தும் தரவுகளை இறக்கிக்கொண்டார்கள். 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூகுளின் பாதுகாப்புக் குழு சொன்னது. ஆகஸ்ட் 20-ம் தேதி டிரிஃப்டின் டோக்கன்கள் மொத்தமாக ரத்து செய்யப்பட்டன.

பாதிக்கப்பட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள் யார் தெரியுமா? கிளவுட்ஃபிளேர், இசட்ஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ். மற்றவர்களுக்குப் பாதுகாப்பு விற்பதே தொழிலாகக் கொண்டவர்கள்! வாடிக்கையாளர்கள் அனுப்பியிருந்த உதவிக் கோரிக்கைகளின் எழுத்துகளுக்குள் தன்னுடைய 104 ஏபிஐ டோக்கன்கள் கிடந்ததாகக் கிளவுட்ஃபிளேர் கண்டுபிடித்து, அத்தனையையும் மாற்றியது. சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் ஓட்டை எதுவும் இல்லை. பூட்டும் உடையவில்லை. பவர் பத்திரம் வைத்திருந்தவரிடம் திருட்டுப் போனது. அவ்வளவுதான்.

தனி ஆட்களும் தப்பவில்லை. 2017 மே மாதம் ‘கூகுள் டாக்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு போலிச் செயலி மின்னஞ்சலில் சுற்றியது. தெரிந்தவரிடமிருந்து வந்த மாதிரி இருக்கும். ‘அனுமதி’ அழுத்தினால் உங்கள் மின்னஞ்சலும் தொடர்பு முகவரிகளும் அதன் கையில். கூகுள் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டது. அதற்குள் எத்தனையோ பேர் அழுத்தியிருந்தார்கள். யாரும் கடவுச்சொல்லை ஏமாந்து கொடுக்கவில்லை. திரை கேட்டது, கொடுத்தார்கள்.

“நம்ம கம்பெனி சின்னதுதானே?”

நண்பரின் மேலாளரும் இதைத்தான் சொன்னாராம். இதற்கு இரண்டு பதில்கள்.

ஒன்று, பெரிய நிறுவனத்தில் இதைக் கவனிக்கவென்றே ஆட்கள் இருப்பார்கள். நாற்பது பேர் நிறுவனத்தில் இருக்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இணைக்கலாம் என்ற நிலை அங்கேதான் அதிகம். வேலையை விட்டுப் போகிறவரிடம் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் மறக்காமல் வாங்கிவிடுகிறோம். அவர் எந்தெந்தச் செயலிக்குப் பவர் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் கணக்கை மூடும்போது சில இணைப்புகள் சட்டென்று நிற்கும். சில, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுமே ஆபத்துதான்.

இரண்டு, சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. வாடிக்கையாளரின் தரவை உங்கள் சார்பில் வேறொரு நிறுவனம் கையாண்டாலும், பொறுப்பு உங்களுடையதே என்கிறது இந்தச் சட்டம். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். “அது அந்த ஆப்காரன் செஞ்ச தப்பு சார்” என்ற பதில் இனி எடுபடாது.

உள்நாட்டுத் தளத்துக்கு மாறிவிட்டோம், இனிக் கவலை இல்லை என்றும் சிலர் நினைக்கிறார்கள். தளம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், அதில் நீங்கள் ஒட்டவைக்கும் வெளிச் செயலி தனி ஆள். அதற்குக் கொடுத்த பவர் தனிப் பவர்.

ஏஐ வந்த பிறகு...

இப்போது வரும் செயலிகளில் பல ஏஐ உதவியாளர்கள். “நேத்து மீட்டிங்ல என்ன முடிவாச்சு?” என்று கேட்டால் சொல்ல வேண்டும் என்றால், அது எல்லாச் சேனலையும் படித்திருக்க வேண்டும். ஆகவே அவை கேட்கும் அனுமதியும் பெரிது. முன்பு புகார்ச் சேனலில் எழுத மட்டும் வந்த செயலிக்கும், சம்பளப் பேச்சிலிருந்து ராஜினாமாப் பேச்சு வரை எல்லாவற்றையும் படிக்க வரும் செயலிக்கும் ஒரே மாதிரியான பட்டன்தான்.

தளங்களும் தம் விதிகளை மாற்றுகின்றன. 2025 மே மாதம் ஸ்லாக், தன் சந்தைப் பட்டியலில் இல்லாத வணிகச் செயலிகள் பழைய உரையாடல்களை மொத்தமாக எடுப்பதற்குக் கடும் வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னாலும், அந்தத் தரவைப் போட்டியாளர்களுக்கு விட மனமில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. மைக்ரோசாஃப்ட் 2024-ல் டீம்ஸின் பழைய ‘கனெக்டர்’ இணைப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கெடுவைத் தள்ளிப்போட்டது. நாம் குடியிருப்பது வாடகை வீட்டில். எந்த இணைப்பு நின்றால் எந்த வேலை நிற்கும் என்று தெரிந்து வைத்திருப்பது நம் பொறுப்பு.

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்?

எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, ஒவ்வோர் இணைப்புக்கும் மூன்று வாரம் காத்திருக்க வைப்பது தீர்வாகாது. அப்படிச் செய்தால் ஊழியர்கள் நிறுவனத் தரவைத் தங்கள் சொந்த வாட்ஸ்அப்புக்கும் சொந்த மின்னஞ்சலுக்கும் கொண்டுபோய்விடுவார்கள். அது இன்னும் மோசம். என் கருத்தில், கேட்டால் ஒரே நாளில் பதில் சொல்லும் ஒரு பொறுப்பாளர் போதும். ஸ்லாக், டீம்ஸ் போன்ற தளங்களில் அட்மின் ஒப்புதல் இல்லாமல் செயலி சேர்க்க முடியாதபடி வைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, ஒவ்வொரு செயலிக்கும் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. எதற்கு? எழுத மட்டும் போதும் என்றால் படிக்கும் அனுமதி எதற்கு? ஒரு சேனல் போதும் என்றால் எல்லாச் சேனலும் எதற்கு?

2. யார் பெயரில்? தனி ஊழியரின் கணக்கில் வேண்டாம். நிறுவனத்துக்கென்று ஒரு பொதுக் கணக்கில் இணையுங்கள். யார் போனாலும் இணைப்பு நிற்கும்.

3. எவ்வளவு காலம்? சோதனைக்கு என்றால் 30 நாள் என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். பவருக்குத் தவணை வேண்டும்.

4. யார் கணக்குப் பார்ப்பது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திறந்து, பயன்படாததை நீக்குங்கள். அரை மணி நேர வேலை.

5. எப்படித் திரும்ப வாங்குவது? அந்தச் செயலி நிறுவனத்தில் நாளை திருட்டு நடந்தால், ரத்து செய்யும் பட்டன் எங்கே இருக்கிறது, யார் அழுத்துவார் என்று இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

வெப்ஹுக் முகவரிகளைக் கடவுச்சொல் மாதிரியே பாருங்கள். நிரலுக்குள் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள். சாட்டுக்குள் கடவுச்சொல், ஏபிஐ சாவி எதையும் அனுப்பாதீர்கள். டிரிஃப்ட் விவகாரத்தில் ஹேக்கர்கள் முதலில் தேடியது அவற்றைத்தான்.

மேலாளர் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் சொந்த கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்கு இப்போதே போய், மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். என்றோ ஒரு நாள் விளையாடிய கேமும், ஒரே ஒரு பிடிஎஃப் மாற்றிய தளமும் அங்கே இன்னும் காத்திருக்கலாம்.

அரியக்குடி நண்பரின் நிறுவனத்தில் இப்போது ஒன்பது செயலிகள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு காரணம், ஒரு தேதி. அந்த ஷீட்டுக்கு அவர் வைத்திருக்கும் பெயர், ‘ஐந்தொகை’. ஆபீஸில் யாருக்கும் அர்த்தம் புரியவில்லையாம். “எங்க ஊர்ல கேட்டா சொல்லுவாங்க” என்று விட்டுவிட்டார்.